நண்டுக் கோதும் புற்றுநோய் ஆய்வும்: வன்னியில் இருந்து ஏதாவது செய்யலாமா?

நாயாற்றுக்காரி:
வணக்கம். நான் விஞ்ஞான பீட இறுதியாண்டு மாணவி, ஊர் முல்லைத்தீவுப் பக்கம். ஆய்வுத் தலைப்பு கொடுக்கவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. எங்கள் கரையில் நீலக்கால் நண்டின் இறைச்சியை எடுத்த பிறகு கோதை என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாதி புதைக்கிறார்கள், பாதி அப்படியே கொட்டிவிடுகிறார்கள், இரண்டு நாளில் அந்தப் பக்கம் போக முடியாது. அந்தக் கோதுக்கு உறுதி தருகிற கைற்றின் என்ற பொருளை எடுத்துக் கைற்றோசான் ஆக்கலாம், அதைப் புற்றுநோய் ஆய்வில் கனக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று வாசித்தேன். கொலாஜன், ஜெலற்றின், பட்டுப் புரதம், எலிக் கட்டியில் இருந்து எடுக்கிற ஒரு களி என்று விலங்கில் இருந்து வருகிற வேறு பொருள்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இதெல்லாம் ஆய்வுகூடத்தில் உண்மையில் என்ன வேலை செய்கின்றன? எங்கள் கோதுக்கு அதில் இடம் உண்டா? தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

வாடிக்காரன்:
தங்கச்சி, புற்றுநோய் எனக்குத் தெரியாது, கோது தெரியும். எவ்வளவு வேண்டுமென்றாலும் தரலாம். காசு வேண்டாம், வந்து அள்ளிக்கொண்டு போனால் அதுவே புண்ணியம்.

குளிர்நாட்டான்:
நல்ல கேள்வி. நான் பிறந்தது புதுக்குடியிருப்பு. இப்போது நோர்வேயில் கல வளர்ப்பு ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பொருள்கள் ஏன் தேவை என்று பார்ப்போம். புற்றுநோய்க் கலங்களைப் பல காலமாகப் பிளாஸ்ரிக் தட்டில்தான் வளர்த்தார்கள். தட்டையான, கடினமான பரப்பு. உடம்புக்குள் எந்தக் கலமும் அப்படி இருப்பதில்லை. சுற்றிவர கொலாஜன் நார், லமினின், ஹயலுரோனிக் அமிலம் என்று ஒரு மென்மையான வலை இருக்கும். கலம் அதைப் பிடித்துக்கொண்டு, அதில் இருந்து சமிக்ஞை வாங்கித்தான் நடந்துகொள்ளும். பிளாஸ்ரிக்கில் வளர்த்த கலத்தில் மருந்தைச் சோதித்துவிட்டு நோயாளியில் என்ன நடக்கும் என்று சொல்வது, சீமெந்துத் தரையில் நாற்றை நட்டு விளைச்சலைக் கணிப்பது மாதிரி.

இதைப் பளிச்சென்று காட்டியது மினா பிஸ்ஸெல் என்ற விஞ்ஞானியின் குழு. 1997இல் அவர்கள் மார்பகப் புற்றுநோய்க் கலங்களை முப்பரிமாணக் களியில் வளர்த்தார்கள். கலம் தன் சூழலைப் பற்றிக்கொள்கிற இன்டெக்ரின் என்ற புரதத்தை ஒரு பிறபொருளெதிரியால் மறித்ததும், ஒழுங்கில்லாமல் குவிந்து வளர்ந்த கலங்கள் சாதாரண மார்பகச் சுரப்பி போல வட்டமாக ஒழுங்குபட்டன. மரபணுவில் இருந்த பழுது அப்படியே இருந்தது, நடத்தை மாறிவிட்டது. தட்டில் வைத்துச் செய்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அந்தக் களிதான் நீங்கள் சொன்ன எலிக் கட்டிக் களி. வணிகப் பெயர் மாட்ரிஜெல். ஏங்கல்பிரெத்-ஹோம்-சுவாம் என்று இரண்டு பேரின் பெயரால் அழைக்கப்படுகிற ஓர் எலிக் கட்டியில் இருந்து எடுக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் ஹிண்டா கிளைன்மன், ஜோர்ஜ் மார்ட்டின் ஆகியோர் 1980களில் உருவாக்கியது. லமினின், நான்காம் வகைக் கொலாஜன் இரண்டும்தான் பெரும்பங்கு. 4 பாகையில் திரவம், உடல் வெப்பத்தில் களியாக இறுகும். உறிஞ்சி எடுக்கிற குழாயின் முனையைக்கூடக் குளிரூட்டி வைக்காவிட்டால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். புதிதாக வருகிற மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டுவார்கள். 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு ஒற்றைத் தண்டுக் கலத்தில் இருந்து குட்டிக் குடலை வளர்த்ததும் இந்தக் களியில்தான். இன்று நோயாளியின் கட்டியில் ஒரு துண்டெடுத்து, குட்டிக் கட்டியாக வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிறார்கள். அதற்கும் பெரும்பாலும் இதே களிதான்.

சிக்கல் என்னவென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. 2010இல் வந்த ஓர் ஆய்வு இதில் 1,800க்கு மேற்பட்ட வேறுவேறு புரதங்களைக் கண்டது. ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் பொருத்தம் பாதிக்குச் சற்றே கூட. அதோடு விலையும் அதிகம், ஐஸ் விடாமல் அனுப்பவேண்டும். அதனால்தான் கைற்றோசான், பட்டு, ஜெலற்றின் எல்லாம் மாற்றாக வருகின்றன. மிச்சம் பிறகு எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

கேள்விக்குறி:
எல்லாம் சரி அண்ணை. ஒரு புற்றுநோய் மருத்துவர் வருவதற்கே காத்திருக்கிற மாவட்டங்களில் இருந்து நண்டுக் கோதை வைத்துப் புற்றுநோய் ஆய்வு செய்யப்போகிறோம் என்பது கொஞ்சம் கூடிய ஆசையாகத் தெரியவில்லையா?

வாடிக்காரன்:
ஆசைப்படவும் காசு கட்டவேண்டுமா தம்பி?

மாங்குளத்தான்:
இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு மார்பகத்தில் புற்றுநோய், கீமோ நடக்கிறது. வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. நண்டுக் கோதை வறுத்து, பொடித்து, தேனில் குழைத்துக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தால் கட்டி கரையும், வெளிநாட்டில் இதைத்தான் குளிசையாக விற்கிறார்கள் என்று. மாமி ஒருவர் பொடியும் கொண்டுவந்து வைத்துவிட்டார். இங்கே கைற்றோசான் என்ற பெயரைப் பார்த்ததும் கேட்கிறேன். கொடுக்கலாமா?

தாதி அக்கா:
கொடுக்காதீர்கள் தம்பி. காரணமும் சொல்கிறேன், மாமிக்கு விளங்கப்படுத்த உதவும்.

கீமோ எடுக்கிற ஆளுக்கு வெண்குருதிக் கலம் குறைந்திருக்கும். வீட்டில் இடித்த, சுத்தம் தெரியாத பொடியில் கிருமி இருந்தால் சாதாரண ஆளுக்கு வயிற்றோட்டம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். அடுத்தது, கோதை வறுத்துப் பொடித்தால் கைற்றோசான் வராது. சுண்ணாம்பும் கருகிய புரதமும் மாறாத கைற்றினும்தான் வரும். வெளிநாட்டில் குளிசையாக விற்பது உண்மை, ஆனால் அது உடம்பு மெலிய என்று, கொழுப்பைப் பிடித்து வெளியேற்றும் என்று சொல்லி விற்பது. ஏற்கெனவே சாப்பாடு இறங்காமல் மெலிகிற அம்மாவுக்கு அது எதற்கு?

மாமியுடன் சண்டை பிடிக்கவேண்டாம். பாசத்தில்தான் கொண்டுவந்திருக்கிறார். "டொக்ரரிடம் காட்டிவிட்டுக் கொடுப்போம்" என்று வாங்கி வையுங்கள். உண்மையாகவே அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள். வேறு ஏதும் கசாயம், பொடி கொடுத்திருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முட்டை, மீன், பருப்பு நன்றாக அவித்துக் கொடுங்கள். நண்டு ஆசையென்றால் நன்றாக வேகவைத்த நண்டுக்கறி சாப்பிடட்டும், கோதை வெளியே போடுங்கள்.

குளிர்நாட்டான்:
அக்கா சொன்னதற்கு மேலே ஒரு வரலாறு. சுறாவின் கசியிழையத்தில் குருதிக் குழாய் இல்லை. கட்டி வளர்வதற்குப் புதுக் குருதிக் குழாய் வேண்டும். அப்படியானால் கசியிழையத்தில் அதைத் தடுக்கிற ஏதோ இருக்கவேண்டும் என்று 1970களிலும் 80களிலும் ஒழுங்கான விஞ்ஞானிகளே ஆராய்ந்தார்கள், ஆய்வுகூடத்தில் விளைவும் கண்டார்கள். அதற்குப் பிறகு வியாபாரிகள் புகுந்தார்கள். சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்ற பொய்யோடு பொடி உலகம் முழுக்க விற்றது. சுறாவுக்குக் கட்டி வந்ததற்குப் பதிவுகள் இருக்கின்றன. கடைசியில், சுத்திகரித்த சுறாக் கசியிழையச் சாற்றை நுரையீரல் புற்றுநோயாளர் 379 பேரில் முறைப்படி சோதித்தார்கள். 2010இல் முடிவு வெளிவந்தது. சாறு குடித்தவர்களின் இடைநிலை ஆயுள் 14.4 மாதம், வெறும் போலி மருந்து குடித்தவர்களுக்கு 15.6 மாதம். பயன் இல்லை.

மாங்குளத்தான், உங்கள் அம்மாவுக்கு வேலை செய்யப்போவது இப்போது ஏறுகிற கீமோ. இந்த இழையில் நாங்கள் கதைக்கிற பொருள்கள் ஆய்வுகூடத்தில் கலத்துக்கு வீடு கட்டவும், மருந்தைக் காவவும்தான்.

மாங்குளத்தான்:
நன்றி அக்கா, அண்ணை. பொடியை எடுத்து வைத்துவிட்டேன்.

இழைக் காவலர்:
அந்தக் குரல் பதிவை யாரும் இங்கே ஏற்றவேண்டாம், ஏற்றினால் நீக்கப்படும். தலைப்புக்குத் திரும்புவோம்.

பூநகரிப் பண்ணை:
கடலட்டையை விட்டுவிட்டீர்களே. எங்கள் பக்கம் பண்ணை போட்ட நாள்முதல் வருகிறவர் போகிறவர் எல்லாம் "இது புற்றுநோய்க்கு மருந்து, அதுதான் சீனாக்காரன் இவ்வளவு விலைக்கு வாங்குகிறான்" என்கிறார்கள். எவ்வளவு உண்மை?

குளிர்நாட்டான்:
சீனாவில் வாங்குவது முதலில் சாப்பாட்டுக்கு. விருந்துக்கு வைக்கிற பெருமையான பண்டம். ஆய்வு இல்லாமலும் இல்லை. அத்திலாந்திக் குளிர்க்கடலில் இருக்கிற ஓர் இனத்தில் இருந்து புரொண்டோசைட் ஏ என்ற சேர்வையைப் பிரித்து, கலத்திலும் எலியிலும் கட்டி குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் வளர்க்கிற இனம் வேறு. இந்தச் சேர்வைகள் சவர்க்காரத் தன்மை உள்ளவை. கல மென்சவ்வைக் கரைக்கும், செங்குருதிக் கலத்தையும் சேர்த்து உடைக்கும். பண்ணைக்காரருக்கு விலைதான் முக்கியம், அது நன்றாக இருந்தால் சந்தோசம். மருந்து என்று சொல்லி விற்காதீர்கள்.

கடலில் இருந்து மருந்தே வரவில்லை என்றும் நினைக்கவேண்டாம். குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற சைற்றரபீன் ஒரு கடற்பஞ்சில் கண்ட சேர்வையைப் பார்த்துச் செய்தது, 1969இல் அமெரிக்காவில் அனுமதி. டிரபெக்டிடின் கடற்பீச்சி என்ற உயிரில் இருந்து வந்தது, 2007இல் ஐரோப்பாவில் அனுமதி. இரண்டும் இப்போது ஆலையில் செய்யப்படுகின்றன. யாரும் கடற்பஞ்சை அரைத்துக் குடிப்பதில்லை.

முசலியூரான்:
எங்களுக்கு இன்னொரு பிரச்சினை. ஜெலற்றின் என்றால் பன்றித்தோல், குருதி உறையாமல் இருக்கக் கொடுக்கிற ஹெப்பரின் என்றால் பன்றிக் குடல். மாட்டில் இருந்து எடுத்தாலும் வேண்டாம் என்கிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். உயிர் காக்கிற அவசரத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது, அது தெரியும். ஆனால் ஆய்வுக்காவது மீனில் இருந்து எடுக்க ஏலாதா?

குளிர்நாட்டான்:
ஏலும். உலகமே அந்தப் பக்கம் பார்க்கிறது. மதம் ஒரு காரணம், மாட்டுப் பைத்திய நோய்ப் பயம் இன்னொன்று. மீன் தோலிலும் செதிலிலும் முதலாம் வகைக் கொலாஜன் தாராளம். ஒரேயொரு இடைஞ்சல். கொலாஜனின் முறுக்கை இறுக்கிப் பிடிப்பதில் ஹைதரொட்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பெரிய பங்கு. குளிர்க்கடல் மீனில் அது குறைவு. அதனால் கொட் மீனின் கொலாஜன் அறை வெப்பநிலைக்கு முன்பே தளர்ந்துவிடும், மனிதக் கலத்தை 37 பாகையில் வளர்க்க உதவாது. சூடான தண்ணீரில் வாழ்கிற மீனின் கொலாஜன் கூடத் தாங்கும்.

இப்போது யோசியுங்கள். இரணைமடுவில் இருந்து முத்தையன்கட்டு வரைக்கும் வன்னிக் குளங்களில் என்ன மீன் பிடிக்கிறார்கள்? திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மீன். பிரேசிலில் போட்டலேசா நகரத்து மருத்துவர்கள் எரிகாயத்துக்குத் திலாப்பியாத் தோலைக் கட்டிப் பெயர் வாங்கினார்கள். நாங்கள் செதிலைச் சுரண்டிக் காகத்துக்குப் போடுகிறோம்.

கேள்விக்குறி:
திரும்பவும் சொல்கிறேன், மூலப்பொருள் இருப்பது பெரிய விசயமில்லை. கோது எங்கும் இருக்கிறது, மீன் எங்கும் இருக்கிறது. எங்களிடம் இல்லாதது கல வளர்ப்பு அறை, தொடர்ந்து மின்சாரம், மறை எண்பது பாகைக் குளிர்ப்பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஆள். பிள்ளையை ஏமாற்றாதீர்கள். இந்தக் கோதில் உரம் செய்யட்டும், பயிருக்குத் தெளிக்கிற கரைசல் செய்யட்டும். அதுவும் கைற்றோசான்தானே, உழவனுக்கு நாளைக்கே உதவும்.

நாயாற்றுக்காரி:
அண்ணை, உரம் நல்லதுதான், எங்கள் அப்பாவும் வயல்காரர். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளை எது கேட்டாலும் "நீ உரம் செய்" என்பதுதான் பதிலாக வருகிறது. கோது இங்கே, ஆய்வு வேறெங்கோ, பிறகு அந்தப் பொருளை நாங்களே இறக்குமதி செய்வது. இதில் ஒரு படியாவது இங்கே நடக்கக் கூடாதா? முழு ஆய்வுகூடத்தையும் கேட்கவில்லை. எந்தப் படி சாத்தியம் என்றுதான் கேட்கிறேன்.

குளிர்நாட்டான்:
இதுதான் சரியான கேள்வி. செய்முறையைப் படிபடியாகப் பார்ப்போம்.

ஓட்டுடலிகளின் உலர்ந்த கோதில் 20 முதல் 40 சதவீதம் புரதம், 20 முதல் 50 சதவீதம் கல்சியம் காபனேற்று, 15 முதல் 40 சதவீதம் கைற்றின். நண்டில் சுண்ணாம்பு கூட, இறாலில் குறைவு. ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு போகும். ஐதான சோடியமைதரொட்சைட்டில் சூடாக்கினால் புரதம் போகும். மிஞ்சுவது கைற்றின். அதை 40 முதல் 50 சதவீதச் சோடியமைதரொட்சைட்டில் 100 பாகையளவில் சில மணிநேரம் வைத்தால் அசற்றைல் கூட்டங்கள் கழன்று அமீன் கூட்டங்கள் வெளிப்படும். அது கைற்றோசான். ஐதான அசற்றிக்கமிலத்தில் கரைந்தால் வேலை சரி.

அந்த அமீனில்தான் முழு வித்தையும். அமிலச் சூழலில் அது நேரேற்றம் எடுக்கும். கலத்தின் வெளிப்பரப்பு மறையேற்றம், அதனால் ஒட்டும். டி.என்.ஏ. மறையேற்றம், அதையும் பொதிந்து காவும். மறையேற்றம் உள்ள திரிபொலிபொசுபேற்றைத் துளித்துளியாகச் சேர்த்தால் மருந்தை உள்ளே வைத்த நனோத் துணிக்கை தானாகவே உருவாகும். 1997இல் இந்த வழி வந்த பிறகு ஆய்வுக் கட்டுரைகள் மழைபோல வந்தன. கட்டியைச் சுற்றிக் குருதியைவிட அமிலத்தன்மை கொஞ்சம் கூட. அங்கே போனதும் துணிக்கை வீங்கி மருந்தை விடும்படி வடிவமைக்கலாம். கடற்பாசியில் இருந்து எடுக்கிற அல்ஜினேற்றுடன் சேர்த்து உறையவைத்து உலர்த்தினால் நுண்துளை உள்ள பஞ்சு கிடைக்கும். அதில் புற்றுநோய்க் கலத்தை முப்பரிமாணமாக வளர்க்கிறார்கள்.

மருந்து காவுகிற பக்கத்தில் பெரும்பாலானவை கலத்தோடும் எலியோடும் நிற்கின்றன, அதை மறைக்கவேண்டியதில்லை. நோயாளியின் உடம்புக்குள் ஏற்கெனவே வேலை செய்கிற விலங்குப் பொருள்களும் உண்டு. ஈரல் கட்டிக்குப் போகிற நாடியை அடைக்க ஜெலற்றின் பஞ்சு வைக்கிறார்கள். மார்பகம் அகற்றிய பிறகு மீள அமைக்க, கலங்களைக் கழுவி நீக்கிய பன்றித்தோல் வலையும் பயன்படுகிறது.

இனி உங்கள் படி. ஆய்வுகூடங்கள் கைற்றோசானில் படுகிற பாடு மாட்ரிஜெலில் படுகிற பாடேதான்: தொகுதிக்குத் தொகுதி மாறும். எந்த இனம், எந்தப் பருவம், ஓடு மாற்றிய நண்டா மாற்றாததா, எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது, எல்லாம் முடிவை மாற்றும். சந்தையில் வாங்குகிற போத்தலில் இதில் ஒன்றும் எழுதியிருக்காது. ஒரு மாணவியால் செய்யக்கூடியது: நாயாறு, நந்திக்கடல், கொக்கிளாய், பூநகரிக் கரை என்று இடம்பிரித்து, மாரிக்கு முன்னும் பின்னும் கோது எடுத்து, ஒரே முறையில் கைற்றோசான் ஆக்கி, அசற்றைல் எவ்வளவு கழன்றது, மூலக்கூற்று நிறை எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று அளப்பது. முதலாவதுக்கு நியமிப்பு, இரண்டாவதுக்குப் பாகுநிலைமானி, மூன்றாவதுக்கு உலை. இந்த மூன்றும் உங்கள் பீடத்தில் இருக்கும். கல வளர்ப்பு அறை தேவையில்லை. அப்படி வரலாறு எழுதிய மாதிரி கையில் இருந்தால் வெளியில் ஒரு கல ஆய்வுகூடத்துடன் கதைக்கலாம்.

நச்சுச் சோதனையை மட்டும் வெளியில்தான் செய்யவேண்டி வரும். பற்றீரியாவின் அகநச்சு மறையேற்றம் உள்ளது, கைற்றோசான் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். அது இருந்தால் நோயெதிர்ப்புக் கலம் கத்தும், நீங்கள் மருந்து வேலை செய்கிறது என்று நினைப்பீர்கள். அதைக் கண்டுபிடிக்கிற வழக்கமான சோதனை குதிரைலாட நண்டின் நீலக் குருதியில் இருந்து செய்தது. ஒரு நண்டின் கோதைச் சோதிக்க, பெயரில் மட்டும் நண்டான இன்னோர் உயிரின் குருதி.

கேள்விக்குறி:
இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். செய்யக்கூடியதுதான். கழிவு நீரை என்ன செய்வீர்கள்? அமிலமும் காரமும் சேர்ந்த தண்ணீரை வாய்க்காலில் விட்டால் கோதே பரவாயில்லை என்று ஆகும்.

குளிர்நாட்டான்:
நியாயம். இரண்டையும் கலந்து நடுநிலையாக்கிவிட்டு அளந்துதான் வெளியே விடவேண்டும். ஆய்வறிக்கையில் ஒரு கிலோக் கைற்றோசானுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், எவ்வளவு காரம் போனது என்று ஓர் அட்டவணை போடுங்கள் தங்கச்சி. நாளைக்கு யாராவது இங்கே ஆலை போடுகிறேன் என்று வந்தால் முதலில் கேட்கவேண்டிய கணக்கு அது.

தாதி அக்கா:
நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இலங்கை ஆண்களில் அதிகம் காண்கிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை. இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் நித்திரை வராமல் இருக்க வாய் நிறையப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும், புகையிலை வேண்டியதில்லை. வாயில் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். கோது எடுக்கப் போகிற இடத்தில் நாலு பேரிடம் இதையும் சொன்னால் நல்லது.

வாடிக்காரன்:
அக்கா, நேரே எனக்குத்தான் சொல்கிறீர்கள் போல. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாயாற்றுக்காரி:
எல்லோருக்கும் நன்றி. மேற்பார்வையாளரிடம் கதைத்தேன். இடமும் பருவமும் வைத்து ஒப்பிடுகிற தலைப்புக்குச் சம்மதித்துவிட்டார், அகநச்சுச் சோதனைக்கு வெளியே கேட்டுப் பார்ப்போம் என்றார். திலாப்பியாச் செதிலை என் தோழி எடுக்கிறாள், முசலியூரான் அண்ணையின் கேள்வியை அவளுக்குக் காட்டினேன். வாடிக்காரன் அண்ணை, எனக்கு ஒரே நாளில் பிடித்த, வெயிலில் கிடக்காத கோது வேண்டும். ஆண் நண்டு, பெண் நண்டு பிரித்து, எந்தக் கரை என்று எழுதி வைக்க முடியுமா?

வாடிக்காரன்:
பிரிக்கிறது சுகம், ஆணின் கால் நீலமாக இருக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதுவதற்கு என் மகள் இருக்கிறாள். வலை விடியத்தான் வரும், இறைச்சி எடுத்து முடிய பத்து மணியாகும். அதற்கு முன் வந்தால் நின்று பார்க்கலாம். ஐஸ் பெட்டி நீங்கள் கொண்டுவாருங்கள், இங்கே இருக்கிறது எல்லாம் மீனுக்கே காணாது. நந்திக்கடல் பக்கம் தெரிந்த பொடியன் ஒருவன் இருக்கிறான், அவனிடமும் சொல்லி வைக்கிறேன். கொக்கிளாய்க்கு வேறு ஆள் பாருங்கள்.

பூநகரிப் பண்ணை:
பூநகரிக் கரை என் பொறுப்பு. பெட்டிக்கு மேலே பெயர், திகதி எழுதி பஸ்ஸில் போட்டுவிடலாமா, அல்லது வந்து எடுப்பீர்களா?

நாயாற்றுக்காரி:
பஸ்ஸில் வேண்டாம் அண்ணை, வழியில் ஐஸ் உருகினால் மாதிரி பழுதாகிவிடும். நானே வருகிறேன்.